வட்டக்களரியில் ஈடிப்பஸ்: மேலைச் செவ்வியல் நாடகத்தை நம் களரிக்குக் கொண்டுவர அரபு அரங்கு காட்டும் வழி

ஐரோப்பியச் செவ்வியல் நாடகம் ஒன்றைத் தமிழில் ஆட விரும்பும் குழுக்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அவ்வப்போது தோன்றுகின்றன. பல்கலைக்கழக மாணவர், உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கும் ஆசிரியர், ஊர்க் கூத்துக் கழகங்களில் புதிதாக ஒன்றைச் செய்ய விரும்பும் இளைஞர் என அவர்கள் பலதரப்பட்டவர்கள். பெரும்பாலும் ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்துத் தமிழாக்கி, மூன்று புறமும் அடைத்து முன்புறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையில் நீண்ட அங்கி அணிந்து நின்று வசனம் பேசுவதோடு முயற்சி முடிந்துவிடுகிறது. இங்கே விளக்கப்படுவது வேறொரு வழி. அதே நாடகங்களை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து தம் மண்ணுக்குக் கொண்டுவந்த அரபு அரங்கினர் எதை வைத்துக்கொண்டார்கள், எதை வெட்டினார்கள், எங்கே இடறினார்கள் என்பதைப் பார்த்து, அந்த அறிவோடு ஒரு நாடகத்தை, நம் கூத்தின் இரு ஆட்ட மரபுகளான வடமோடி அல்லது தென்மோடியின் களரியில், அதாவது கூத்தாடும் வெளியில், ஏற்றும் வழி அது.

அரபு அரங்கை ஏன் பார்க்கவேண்டும் என்ற கேள்விக்கு நேரான விடை உண்டு. அவர்களிடமும் ஆழமான கவிதை மரபும், காப்பிக்கடையில் அமர்ந்து கதை சொல்லும் ஹகவாத்தியும், சந்தை வெளியில் மக்கள் வட்டமாகச் சூழ்ந்து நிற்கும் ஹல்காவும், 13ஆம் நூற்றாண்டிலேயே இப்னு தானியால் எழுதிவைத்த நிழற்கூத்தும் இருந்தன. திரை விலகும் மேடையும், ஐந்து அங்கமாகப் பிரித்து எழுதிய நாடகமும்தான் புதியவை. அரிஸ்டோட்டிலின் கவிதையியல் 10ஆம் நூற்றாண்டிலேயே சிரியாக் மொழி வழியாக அரபிக்கு வந்துவிட்டபோதிலும், அக்காலத்தில் ஒரு கிரேக்க நாடகம்கூட அரபியில் பெயர்க்கப்படவில்லை. ஆகவே நாடகம் வந்து சேர்ந்தபோது, சொந்த ஆற்றுகை மரபு உயிரோடு இருக்கும் சமூகம் வெளியிலிருந்து வரும் வடிவத்தை என்ன செய்வது என்ற கேள்வி அவர்கள் முன் நின்றது. கூத்து உயிரோடு இருக்கும் நம் ஊர்களிலும் அதே கேள்விதான் நிற்கிறது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1926இல் வெளிவந்த மதங்க சூளாமணியில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு சேர்த்துவைத்து ஆராய்ந்தபோது, ஏட்டளவில் இந்த வேலையை நமக்காகத் தொடங்கிவைத்தார். களரியளவில் செய்யவேண்டியதைத்தான் இனிப் பார்க்கப்போகிறோம்.

நாடகத்தைத் தெரிவுசெய்தல்

பெயர்பெற்ற நாடகம் என்பதற்காக எதையும் எடுக்கவேண்டாம். நாடகத்தை ஒருமுறை வாசித்த பின், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, கதை தெரியாத ஊரார் ஒருவருக்கு அதை ஐந்து நிமிடத்தில் சொல்லிப் பாருங்கள். அவர் எந்த இடத்தில் “பிறகு?” என்று கேட்கிறாரோ அங்கேதான் உங்கள் ஊருக்கான முடிச்சு இருக்கிறது. எங்கும் கேட்கவில்லை என்றால் வேறு நாடகம் தேடுவதே நல்லது.

அரபு அரங்கு தொடங்கியது அவலநாடகத்தில் அன்று, பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியரின் நகைச்சுவையில். பெய்ரூத் வணிகரான மாரூன் அல்நக்காஷ், 1846இல் இத்தாலி சென்று அங்குள்ள நாடகங்களையும் இசைநாடகங்களையும் பார்த்துத் திரும்பிய பின், தம் வீட்டிலேயே அல்பகீல் என்ற கஞ்சனின் கதையை அரங்கேற்றினார். பெயரும் எண்ணமும் மோலியரை நினைவூட்டினாலும், அது மொழிபெயர்ப்பு அன்று. கதையோட்டம் அவருடையது, பாட்டுகள் உள்ளூர் மெட்டில் அமைந்தவை. கஞ்சனும் போலிச் சாமியாரும் இல்லாத ஊர் கிடையாது என்பதால் நகைச்சுவையில் தொடங்குவது முதல் முயற்சிக்கு உகந்தது. எங்கள் பகுதியில் மட்டும் ஏனோ முதல் முயற்சியே ஹம்லெட்டாக இருக்கவேண்டும் என்று பலர் பிடிவாதம் பிடிக்கிறார்கள்.

போலித் துறவியைக் கேலி செய்யும் மோலியரின் தார்த்தூஃபைத் தொட நினைப்பவர்கள், எகிப்தியரான முஹம்மத் உஸ்மான் ஜலால் அதை 1873இல் அஷ்ஷெய்க் மத்லூஃப் ஆக்கியதைக் கவனிக்கவேண்டும். அவர் கதைக்கட்டை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, பாத்திரங்களை எகிப்தியராக்கி, முழுவதையும் தெருவில் கேட்கும் எகிப்தியப் பேச்சுமொழியின் ஸஜல் பாட்டு வடிவத்தில் எழுதினார். அதைப் பின்பற்றும்போது நம்மிடம் ஒரு கவனம் தேவை. தமிழரும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழும் இப்பகுதியில், கேலிக்குரிய சமயவேடதாரி மற்றவருடைய சமயத்தைச் சேர்ந்தவராக இருக்கக்கூடாது. ஆடுபவரும் பார்ப்பவரும் எந்தச் சமூகமோ அந்தச் சமூகத்தவராகவே அவர் இருக்கவேண்டும். டமஸ்கஸில் அபூ கலீல் அல்கப்பானியின் அரங்கு சமயத் தலைவர்களின் எதிர்ப்பால் மூடப்பட, அவர் 1884இல் எகிப்துக்குப் பெயர்ந்து அங்கே தொழிலைத் தொடர நேர்ந்தது. ஊர்ப் பெரியவர்களிடமும் கோயில் நிருவாகியான வண்ணக்கரிடமும் பள்ளிவாசல் நிருவாகத்திடமும் எழுத்துருவை முன்கூட்டியே வாசித்துக் காட்டுவது பணிந்துபோவதாகாது. பிற்பாடு எழும் முறைப்பாடு பலவற்றை அது முளையிலேயே தீர்த்துவிடும்.

ஒரே கதையின் பல உருவங்களை அடுக்கிப் படித்தல்

இந்த வேலையின் நெஞ்சுப்பகுதி இதுதான். தெரிவுசெய்த நாடகத்தின் மூலக் கதையையும், அரபியில் அது எடுத்த இரண்டு மூன்று உருவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும். அரபி தெரியாதவர்கள் ஆங்கில மொழிபெயர்ப்புகளை நாடலாம்; முக்கியமான பல நாடகங்கள் ஆங்கிலத்தில் உண்டு. மொழி தெரிந்தவர் துணை வேண்டுமென்றால் நாம் தொலைவு போகவேண்டியதில்லை. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கைகளுக்கும் அரபு மொழிக்குமெனப் பீடமே இருக்கிறது. காத்தான்குடி முதல் அக்கரைப்பற்று வரை அரபுக் கல்லூரிகளில் படித்த மௌலவிமார் இருக்கிறார்கள். மட்டக்களப்பு நாடகக்காரர் அவர்களிடம் ஒரு நாடகப் பிரதியோடு போய் நிற்பது அரிதாகவே நடக்கிறது. நடந்தால் இரு தரப்புக்கும் நல்லது.

ஈடிப்பஸை எடுத்துக்கொண்டு செய்து காட்டுகிறேன். கிரேக்க நாடகாசிரியர் சோபோக்கிளிஸின் நாடகத்தில், தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்ற தெய்வ வாக்கிலிருந்து தப்பி ஓடிய அரசன், ஓடிய பாதையிலேயே அந்த வாக்கை நிறைவேற்றிவிட்டு, நாட்டைப் பிடித்த கொள்ளைநோய்க்குக் காரணமான குற்றவாளியைத் தேடித் தேடித் தன்னிடமே வந்து சேருகிறான். 1912இல் பாரிசில் பயின்று திரும்பியிருந்த ஜோர்ஜ் அப்யத், ஃபறஹ் அந்தூனின் மொழிபெயர்ப்பில் இதைக் கெய்ரோவில் மேடையேற்றினார். அது மூலத்துக்கு நெருக்கமான முயற்சி. ஆனால் விதியின் கொடுமையை மட்டும் மையமாகக் கொண்ட கதை, இறைவன் நீதியுள்ளவன் என்று நம்பும் பார்வையாளர்களிடம் ஒரு கேள்வியை விட்டுச்செல்லும்: பிறக்காத குழந்தைக்கு எதற்குத் தண்டனை?

அந்தக் கேள்விக்கு விடையாக 1949ஆம் ஆண்டிலேயே இரண்டு நாடகங்கள் வெளிவந்தன. தவ்ஃபீக் அல்ஹக்கீம் தம் அல்மலிக் ஊதீப் (ஈடிப்பஸ் அரசன்) நாடகத்தில் தெய்வ வாக்கையே மனிதச் சூழ்ச்சியாக்கினார். ஊதீப்பின் தந்தை லாயஸின் அரச குலத்தை அறுத்து வெளியாள் ஒருவனை அரியணையில் அமர்த்த விரும்பும் தைரீசியஸ் என்ற குருட்டு முனிவர்தான் குழந்தையைக் கொல்லத் தூண்டுகிறார்; ஊரை அச்சுறுத்திய விலங்கு வெறும் சிங்கமாக இருக்க, அதைப் புதிர் போடும் பூதமாக்கி மக்களை நம்பவைத்தவரும் அவரே. அப்படியானால் அரசனின் பெருமை ஒரு பொய்யின்மேல் கட்டப்பட்டது. உண்மை வெளிப்பட்ட பிறகும் ஊதீப், மனைவி மக்களோடு வாழ்ந்த அந்த அன்பான வாழ்க்கை நிசமாக இருந்ததே, அதை ஏன் விடவேண்டும் என்று, தாயும் மனைவியுமான யொக்காஸ்தாவிடம் மன்றாடுகிறான். வாழ்ந்த வாழ்க்கைக்கும் தெரியவந்த உண்மைக்கும் இடையிலான போராகக் கதை மாறுகிறது. என் கணிப்பில் இந்த மன்றாட்டுக் காட்சி துணிச்சலானது. ஆனால் களரியில் ஆடுவதைவிட வாசிப்பதற்கே அது பொருந்தும், ஏனெனில் அங்கே உடலைவிட வாதமே அதிகம் வேலை செய்கிறது.

அலி அஹ்மத் பாகஸீரின் மஃசாத் ஊதீப் (ஈடிப்பஸின் அவலம்) இன்னொரு வழியில் செல்கிறது. கோயிலின் செல்வத்தைக் குவித்துவைத்திருக்கும் தலைமைப் பூசகர்தான் பொய்வாக்கின் சூத்திரதாரி. தைரீசியஸோ அந்தக் கோயிலிலிருந்து துரத்தப்பட்ட நேர்மையாளர். அரசன் கோயில் சொத்தைப் பசித்த மக்களுக்குப் பகிர்ந்தளிக்க முயலும்போதுதான் அவனுடைய பிறப்பின் மர்மம் ஆயுதமாக வெளியே எடுக்கப்படுகிறது. 1948இல் பலஸ்தீனத்தில் அரபு நாடுகள் அடைந்த தோல்வியின் நிழலில் எழுந்த நாடகம் அது. இருபது ஆண்டுகள் கழித்து, 1967இன் போர்த் தோல்விக்குப் பின்னர், அலி சாலிம் 1970இல் எழுதிய நகைச்சுவை நாடகத்தில் ஈடிப்பஸ் எகிப்தின் தீப்ஸ் நகருக்கே வந்துவிடுகிறான். தாயை மணந்த கதைக்கு அங்கே இடமில்லை. விலங்கைக் கொன்றவன் அவனே என்று காவல்துறையும் பிரசார இயந்திரமும் இரவும் பகலும் ஊரை நம்பவைக்கின்றன. பிறகு விலங்கு திரும்பி வருகிறது. தலைவனைப் புகழ்ந்து புகழ்ந்து தாமே எதிர்த்து நிற்கும் பலத்தை இழந்த மக்களைப் பற்றிய அந்த நாடகம், எகிப்தில் யாரைக் குறித்தது என்பது பார்த்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கியது.

இவற்றை வாசித்த பின் ஒரு பெரிய தாளில் நான்கு நிரல் போடுங்கள். தெய்வ வாக்கு யாருடையது, விலங்கு எது, ஊர்மக்கள் என்ன செய்கிறார்கள், முடிவில் அரசன் எங்கே நிற்கிறான் என்ற நான்கு கேள்விகளுக்கு ஒவ்வோர் ஆசிரியரும் தந்த விடையை எழுதுங்கள். பிறகு ஐந்தாவது நிரல் உங்களுடையது. அது வெறுமையாக இருக்கும்வரை எழுத்துரு எழுதத் தொடங்கக்கூடாது. நம் பகுதியில் விதி என்ற எண்ணம் அந்நியமானது அன்று. கண்ணகி வழக்குரையைக் கேட்டு வளர்ந்த ஊர்களில் ஊழ்வினைக்கு விளக்கம் தேவையில்லை. எனவே அல்ஹக்கீம் தெய்வ வாக்கை அகற்றியது போல நாம் அகற்றவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அலி சாலிமின் விலங்கு, அதாவது கொல்லப்பட்டதாகச் சொல்லப்பட்டும் திரும்பிவரும் அந்த விலங்கு, இந்தக் கரையில் எவருக்கும் உடனே விளங்கும்.

ஹம்லெட்டைத் தெரிவுசெய்பவர்கள் 1976இல் சிரியாவின் மம்தூஹ் அத்வான் எழுதிய, காலம் தாழ்த்திக் கண்விழிக்கும் ஹம்லெட்டையும், குவைத்தின் சுலைமான் அல்பஸ்ஸாம் 2002இல் அரபு நாடொன்றின் மாநாட்டு மண்டபத்தில் நிறுத்திய ஹம்லெட்டையும் தேடிப் படிக்கலாம். அந்தோனியையும் கிளியோபாத்ராவையும் தொடுபவர்களுக்கு அஹ்மத் ஷவ்கியின் நாடகம் உண்டு. ரோமர் பார்வையில் மயக்குக்காரியாகத் தெரிந்த அரசியை, 1920களின் இறுதியில் அவர் நாட்டுக்காக உயிர்விடும் எகிப்தியப் பெண்ணாக்கினார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தனின் நெறியாள்கையில் 1960களில் ஆடப்பட்ட இராவணேசன், இராவணனை அவல நாயகனாக நிறுத்திய செயலோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவருக்கு நல்ல கட்டுரைப் பொருள் கிடைக்கும்.

மொழியும் பாட்டும்

அரபு மேடை நூறு ஆண்டுக்கு மேலாக ஒரு வழக்கோடு மல்லுக்கு நின்றது: மேலைச் செவ்வியல் நாடகத்தை இலக்கண அரபியில் பேசுவதா, ஊர்ப் பேச்சில் பேசுவதா? ஜலால் பேச்சுமொழியைத் தெரிந்தெடுத்தார். கலீல் முத்ரான் 1912இல் அப்யத்தின் குழுவுக்காக ஒதெல்லோவைச் செழுமையான இலக்கண அரபியில், பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து பெயர்த்து, நாயகனுக்கு உதைல் என்று அரபு ஒலியுள்ள பெயரையும் சூட்டினார். இரண்டும் வெவ்வேறு காரணங்களுக்காக நிலைத்தன.

நமக்கு இந்த வழக்கு அவ்வளவு கடினமில்லை, ஏனெனில் கூத்து அதைப் பல தலைமுறைக்கு முன்பே தீர்த்துவைத்திருக்கிறது. அரசனும் அரசியும் விருத்தம், கொச்சகம், தரு என்னும் பாட்டு வகைகளில் பாடுவார்கள். அரசன் வரவை அறிவிக்கும் கட்டியகாரனும் ஏவலரும் வசனத்தில், சிலவேளை பச்சை மட்டக்களப்புப் பேச்சில், களரியைச் சிரிக்கவைப்பார்கள். ஆகவே ஈடிப்பஸும் யொக்காஸ்தாவும் பாட்டில் பேசட்டும். கொரிந்துவிலிருந்து வரும் தூதனும், குழந்தையைக் காட்டில் விடாமல் காப்பாற்றிய இடையனும் ஊர்ப் பேச்சில் பேசட்டும். உண்மையை உடைப்பவர்கள் அந்த இரண்டு எளியவர்கள்தான் என்பதால், மொழி மாறும் இடமே கதை திரும்பும் இடமாகவும் அமைந்துவிடும். பெயர்களைப் பொறுத்தவரை, சந்தத்துக்குள் அடங்காத கிரேக்கப் பெயரை வலிந்து திணிக்கவேண்டாம். விபுலாநந்தரும் பம்மல் சம்பந்த முதலியாரும் பெயர்களைத் தமிழ் ஒலிக்கு இணக்கிக்கொண்டார்கள். ஹம்லெட் அமலாதித்தன் ஆனது முதலியார் கையால்தான்.

பாட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கையோடு பேசவேண்டும். கெய்ரோ மேடையின் பெரும் பாடகரான ஷெய்க் ஸலாமா ஹிஜாஸி ஹம்லெட்டாக நடித்தபோது, மக்கள் நாடகம் பார்க்க வந்ததைவிட அவர் குரலைக் கேட்கவே வந்தார்கள். அவர் பாடாமல் நடிக்க முயன்றபோது கொட்டகை கொந்தளித்ததாகவும், அதனால் ஷவ்கியிடம் பாட்டு எழுதி வாங்கிச் சேர்த்ததாகவும் சொல்லப்படுகிறது. அவர் ஆடிய தன்யூஸ் அப்துவின் ஹம்லெட்டில் இளவரசன் இறப்பதில்லை. சிற்றப்பனைக் கொன்று அரியணை ஏறுகிறான். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள், அப்துவுக்குக் கிடைத்த பிரெஞ்சுப் பிரதியிலேயே ஹம்லெட் உயிரோடு எஞ்சுகிறான் என்பதை அறியவேண்டும். அலெக்ஸாந்தர் டூமா கைவைத்த பிரதி அது. தழுவலின் தழுவலில் இருந்து வேலை செய்யும்போது எது யார் செய்த மாற்றம் என்று தெரியாமலே போய்விடும். ஆகையால் நீங்கள் பயன்படுத்தும் ஆங்கிலப் பிரதி மூலத்திலிருந்து வந்ததா, சுருக்கமா, யாரோ ஒருவரின் தழுவலா என்பதை முதல் நாளிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பாட்டு கதையை விழுங்காமல் இருக்க நான் பரிந்துரைக்கும் முறை எளிது. நாடகத்தில் ஒரு பாத்திரம் முடிவெடுக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களில் மட்டும் தரு அமையட்டும். வாக்குவாதம் மூளும் இடங்களில் இருவரும் மாறி மாறிப் பாடும் தருக்கப் பாட்டு அமையட்டும். செய்தி மட்டும் சொல்லும் இடங்களை வசனத்துக்கு விட்டுவிடுங்கள். ஈடிப்பஸுக்கும் தைரீசியஸுக்கும் நடக்கும் சொற்போர், வடமோடியில் இரு வீரர் எதிரெதிரே நின்று வீரவாதம் செய்யும் இடத்தின் தாளக்கட்டுக்கு அப்படியே பொருந்தும். முடிவைப் பொறுத்தவரை, மங்களம் பாடி முடிக்கும் வழக்கத்துக்காகக் கதையின் முடிவை மாற்றவேண்டாம். அரசன் கண்ணிழந்து களரியை விட்டுப் போன பின், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரும் பின்னின்று பாடும் பிற்பாட்டுக்காரரும் களரிக்கும் ஊருக்குமாக மங்களம் பாடலாம். அது கதைக்குள் சேராது.

களரியின் அமைப்பு

1960களில் அரபு நாடகக்காரர் பலர் படச்சட்ட மேடையைவிட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். எகிப்தில் யூசுஃப் இத்ரீஸ் 1964இல் எழுதிய கட்டுரைகளும் அதே ஆண்டு அரங்கேறிய அல்ஃபராஃபீர் நாடகமும் கிராமத்து ஸாமிர் கூடலைத் தேடின. மொரோக்கோவின் தய்யிப் ஸித்தீகி, மோலியரையும் கோகோலையும் தழுவி ஆடிய பின், ஹல்கா வட்டத்துக்கே திரும்பினார். அல்ஜீரியாவின் அப்துல்காதிர் அலூலா கிராமங்களில் நாடகம் போட்டபோது, மக்கள் காட்சியமைப்பைப் பொருட்படுத்தாமல் நடிகரைச் சுற்றி வட்டமாக அமர்ந்துகொண்டதைக் கண்டு தம் அரங்க முறையையே மாற்றிக்கொண்டார். அதே அலூலா 1993இல் கோல்டோனியின் இரு எசமானர்க்கு ஒரு வேலைக்காரன் கதையை மேடையேற்றினார். 1994 மார்ச்சில் ஓரான் நகரில் சுடப்பட்டுச் சில நாட்களில் உயிரிழந்தார்.

இவர்கள் நீண்ட தேடலுக்குப் பின் வந்தடைந்த வட்டம் நம் ஊர்களில் வட்டக்களரியாக இருந்துகொண்டே இருக்கிறது. இருந்தும் களரியில் ஏற்றும்போது சில நடைமுறைகளைக் கவனிக்கவேண்டும். நாற்புறமும் ஆட்கள் இருப்பதால் யாரும் ஒரு திசையை நோக்கி நின்று நீண்ட வசனம் பேசக்கூடாது. ஒவ்வோர் அடி பாட்டுக்கும் ஒரு திசை என்று ஆட்டத்தை வகுக்கவேண்டும். கிரேக்க நாடகத்தின் கோரஸைத் தனிக் கூட்டமாக உள்ளே இறக்கிக் களரியை அடைக்கவேண்டியதில்லை. மத்தளமும் சல்லரியும் ஒலிக்கும் இடத்தில் நிற்கும் பிற்பாட்டுக்காரரே ஊரின் குரலாகட்டும். அவர்கள் ஏற்கெனவே பாட்டின் அடியை வாங்கித் திருப்பிப் பாடுபவர்கள். ஓரிரு இடங்களில் திருப்பிப் பாட மறுக்கச் செய்தால், அரசனை ஊர் கைவிட்டது களரி முழுவதற்கும் கேட்கும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும், களரிக்குள் முதலில் நுழையும்போது ஆடும் வரவு ஆட்டம் அவசியம். ஆனால் இடையனுக்கு வரவு கொடுக்காமல் கூட்டத்திலிருந்து எழுந்து வரச்செய்வது வலிமையான முடிவாக இருக்கும். ஆடை விடயத்தில், கூண்டுபோல் விரிந்த கரப்புடுப்பும் முடியும் அரசனுக்கு இருக்கட்டும். கிரேக்க வெள்ளை அங்கி தேவையே இல்லை.

ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டைத் தழுவ விரும்புபவர்களுக்கு அல்ஜீரியாவின் வல்த் அப்துர்ரஹ்மான் காக்கி 1966இல் செய்தது கண்திறக்கும். நல்ல மனிதரைத் தேடி மூன்று கடவுளர் செச்சுவானுக்கு வரும் கதையை, மூன்று வலிமார் (இறைநேசர்) ஊருக்கு வர அவர்களைப் பார்வையற்ற ஹலீமா என்ற பெண் ஏற்றுக்கொள்ளும் கதையாக மாற்றினார். நாட்டில் வலிமாரைப் பற்றி வழங்கிய பழங்கதை ஏற்கெனவே இருந்தது. பிரெக்டின் கதை அதன்மேல் ஏறிக்கொண்டது. நம்மிடம், சிவன் அடியார் வேடத்தில் வந்து சிறுத்தொண்டரிடம் பிள்ளைக்கறி கேட்ட கதை இருக்கிறது. அதை வைத்து ஏழையின் வீட்டுக்கு விருந்தாளியாக வரும் தெய்வம் அந்த ஏழையிடம் எவ்வளவு கேட்கலாம் என்ற கேள்வியை எழுப்ப முடியும்.

துயரம் சொந்தமாக உள்ள ஊரில்

2013இல் அம்மானில் சிரிய அகதிப் பெண்கள், ஒமர் அபூசாதாவின் நெறியாள்கையில், யூரிப்பிடிஸின் ட்ரோயப் பெண்களை ஆடினார்கள். தொழில்முறை நடிகையர் அல்லர், நாட்டைவிட்டு வந்தவர்கள். தம் சொந்த இழப்புக் கதைகளை மூலத்தோடு கலந்து சொன்னார்கள். அடுத்த ஆண்டு பெய்ரூத்தில் முஹம்மத் அல்அத்தார் எழுத்தில், அரசனின் தடையை மீறி அண்ணனை அடக்கம் செய்யும் பெண்ணின் கதையான அன்டிகனியும் அதே வழியில் செய்யப்பட்டது. 2011இல் பலஸ்தீன தேசிய அரங்கு ஆதெல் ஹக்கீமின் நெறியாள்கையில் அன்டிகனியை ஆடியது. அடக்கம் செய்ய அனுமதிக்கப்படாத அண்ணனின் உடல் அந்த மேடையில் வெறும் கதையாக இருக்கவில்லை.

போரும் 2004இன் ஆழிப்பேரலையும் கடந்த ஊர்களில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் இன்றும் வீதியோரம் படத்தோடு அமர்ந்திருக்கும் ஊர்களில், அன்டிகனி எந்தத் தழுவலும் இன்றியே புரிந்துவிடும். அதனால்தான் இங்கே நிதானம் வேண்டும். இழப்பைச் சுமப்பவரிடம் அவர் கதையைக் கேட்டு வாங்கி வேறொருவர் வாயில் வைப்பதற்கு முன் எழுத்துருவை அவரிடம் வாசித்துக்காட்டி ஒப்புதல் பெறவேண்டும். பெயர், ஊர், நாள் எதுவும் அடையாளம் காட்டக்கூடாது. அவர் விரும்பினால் அரங்கேற்றத்துக்கு முதல் நாள்கூட விலகிக்கொள்ளலாம் என்று முதலிலேயே சொல்லிவிடவேண்டும். ஒப்பாரி பாடத்தெரிந்த முதியவர்களை அழைக்கும்போது, அவர்கள் பாடும் ஒப்பாரியை ஒத்திகையில் திரும்பத் திரும்பப் பாடச்சொல்வது கொடுமை. மெட்டை மட்டும் பயிற்சியில் எடுத்துக்கொண்டு, சொற்களை ஆற்றுகை நாளுக்கு விடுங்கள். ட்ரோயப் பெண்களில் அரசி ஹெக்குபா பேரப்பிள்ளையின் உடலைக் கேடயத்தில் வைத்து அழும் இடம் அப்படி ஒருமுறை பாடப்பட்டால் போதும்.

நிகழ்கால உடை, துப்பாக்கி, சோதனைச்சாவடி எல்லாவற்றையும் களரிக்குள் கொண்டுவரும் ஆசை இந்நாடகங்களில் எழும். அல்பஸ்ஸாமின் ஹம்லெட்டுக்கு அது பொருந்தியது, ஏனெனில் அது முதலில் வெளிநாட்டுப் பார்வையாளர் முன் ஆடப்பட்டது. அவர்களுக்குச் சூழலைக் காட்டவேண்டியிருந்தது. சூழலுக்குள்ளேயே வாழும் பார்வையாளருக்குக் அன்டிகனியைத் தடுக்கும் அரசன் கிரேயோன் கிரீடம் தரித்து நின்றால் போதும். மீதியை அவர்கள் தாமே நிரப்பிக்கொள்வார்கள்.

சட்டம் கொடுப்பதிலிருந்து அரங்கேற்றம் வரை

ஒத்திகை ஒழுங்கைக் கூத்து மரபிலிருந்தே எடுங்கள். எழுத்துரு முடிந்ததும் ஊர் கூடி, யாருக்கு எந்தப் பாத்திரம் என்று அண்ணாவியார் முடிவுசெய்து, அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய ஏடான சட்டத்தைக் கொடுக்கட்டும்; நாடக நெறியாளர் அவர் பக்கத்தில் அமர்ந்திருக்கட்டும், முன்னால் அன்று. வாராந்த ஒத்திகையான கிழமைக்கூத்து நாட்களில் ஊரார் வந்து பார்ப்பார்கள், குறை சொல்வார்கள். அந்தக் குறைகளை எழுதிவையுங்கள். கதை தெரியாத ஊரார் எந்த இடத்தில் குழம்பினார்கள் என்பதற்கு அதைவிட நம்பகமான சான்று கிடைக்காது. சதங்கை அணியும் நாளுக்கு முன்பே பாட்டு முழுவதும் மனனமாகிவிடவேண்டும், ஏனெனில் அதன்பின் காலின் வேலை தொடங்கிவிடும். பெண் பாத்திரத்தை ஆண் ஆடுவதா பெண் ஆடுவதா என்பதை அண்ணாவியாரோடு பேசித் தீர்மானியுங்கள். அல்நக்காஷின் வீட்டு மேடையில் ஆண்களே ஆடினர். 1870களின் தொடக்கத்தில் எகிப்தில் யஃகூப் ஸனூ பெண்களை மேடையேற்றினார். யொக்காஸ்தாவைப் பெண் ஒருவர் ஆடினால், மணமக்களாக வாழ்ந்த இருவரிடையே இருக்கவேண்டிய நெருக்கத்தை ஆட்டத்தால் எவ்வளவு காட்டுவது என்று அவரே முடிவுசெய்யட்டும்.

நேர அளவில் கண்டிப்பு வேண்டும். விடியவிடிய ஆடும் கூத்தை வித்தியானந்தன் ஓரிரு மணி நேரத்துக்குச் சுருக்கியபோது, வரவுகளைக் குறுக்கினார், திரும்பத் திரும்ப வரும் பாடல்களை வெட்டினார். சோபோக்கிளிஸின் நாடகம் இயல்பிலேயே ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கும். அதை இரவு முழுவதும் நீட்டாமலும், வரவு ஆட்டம் இல்லாத வெறும் வசனமாகச் சுருங்கவிடாமலும் இரண்டு மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

அரங்கேற்ற நாளில் வழங்கும் தாளில் மூல நாடகாசிரியர், நீங்கள் பயன்படுத்திய மொழிபெயர்ப்பாளர், எண்ணம் பெற்ற அரபு நாடகம், பாட்டு எழுதியவர், தாளக்கட்டு அமைத்த அண்ணாவியார் ஆகிய அனைவரின் பெயரையும் அச்சிடுங்கள். அலி சாலிமின் விலங்கை எடுத்தாண்டிருந்தால் அதைச் சொல்லியே ஆகவேண்டும். அவர் 2015இல்தான் காலமானார், நாடகத்துக்கு உரிமை இன்னும் உண்டு, எனவே கட்டணம் வாங்கி ஆடுவதாக இருந்தால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெற்ற பிறகே நுழைவுச்சீட்டு அச்சிடவேண்டும்.